மாடி ஏறிய கலன்கள்

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் புஷ்பவல்லிக்கு உடனே வேறு ஏதாவது வேலை வந்துவிடும். அடுப்பைக் குறைக்க வேண்டும் என்பாள், தேங்காய் துருவவில்லை என்பாள். விடாமல் கேட்பவர்களுக்கு, "கிளினிக்லதான்லா இருக்கு. டெஸ்ட் எல்லாம் பண்ணும்" என்று சொல்லி முடித்துவிடுவாள். கேட்டவர்கள் ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொள்வார்கள். புஷ்பவல்லியும் திருத்த மாட்டாள்.

இத்தனைக்கும் ரோகிணி படித்த படிப்புக்கு அவள் கொஞ்சமா உழைத்தாள்? கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறவள் அவள். விடியுமுன் எழுந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டி, பிள்ளைகளுக்கு மீ கோரெங் கிளறி, அந்த வருமானத்தையும் கணவர் சபாபதி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிச் சம்பாதித்ததையும் போட்டுத்தான் மகளை முதுகலைவரை படிக்க வைத்தாள். மகளும் நன்றாகப் படித்தாள். படித்து முடித்து, ஆற்றுக்குப் பக்கத்துக் கடைவீதியில் இருந்த ஒரு கருத்தரிப்பு மையத்தில் எம்ப்ரியாலஜிஸ்டாக, அதாவது கருவியல் வல்லுநராக, ஆய்வகப் பொறுப்பில் சேர்ந்தாள். பெண்களின் கருமுட்டையையும் ஆண்களின் விந்தணுவையும் உறைய வைத்து, அவர்களுக்குத் தேவைப்படும் நாள்வரை காப்பாற்றி வைப்பது அவள் வேலை. அந்த இரண்டு சொற்களைத்தான் புஷ்பவல்லியால் உச்சரிக்க முடியாது. கோயில் மண்டபத்தில் நின்று அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸில் நாத்தனார் வீட்டு விருந்தில் பேச்சு அந்தப் பக்கம் போயிற்று. புஷ்பவல்லி பாயசத்தைப் பற்றிப் பேசித் திசைதிருப்பப் பார்த்தாள். அதற்குள் ரோகிணி, சோற்றைப் பிசைந்துகொண்டே, இட்லிக்கு மாவு அரைப்பதைச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாத்தனாரின் கணவர் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

வீடு திரும்பும் வழியில், ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அவர்கள் வந்த காடி ஊர்ந்தபோது தாயும் மகளும் சண்டை போட்டார்கள்.

"என்னத்துக்குடி அங்க போயி அதச் சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன். புற்றுநோய்க்கு மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வராங்கம்மா. சின்ன வயசுப் பிள்ளைங்க. கீமோ போட்டா அப்புறம் குழந்தை பிறக்காமப் போகலாம்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. அடுத்த வாரமே மருந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள ஓடி வருவாங்க. பின்னால ஒரு நாள் நமக்கும் பிள்ளைகுட்டி இருக்கணும்னு அவங்களுக்கு ஆசை இருக்கும்ல? அதத்தான் நாங்க வச்சிருக்கோம்."

"வச்சிரு. வேணாம்னு யாரு சொன்னா? சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்து ஏன் சொல்ற?"

ரோகிணி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் தன் வேலையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். புஷ்பவல்லிக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, ஏதோ உறுத்தலாகவும் இருந்தது.

அந்த டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக மாலையில் கொட்டிவிட்டு ஓய்கிற மழை இல்லை அது. வெள்ளிக்கிழமை தொடங்கியது, சனிக்கிழமை காலையிலும் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ரோகிணி அன்று காலை வேலைக்குப் போயிருந்தாள். உறைந்தவை எல்லாம் திரவ நைட்ரஜன் நிரப்பிய கலன்களில் இருந்தன. அந்த நைட்ரஜன் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறையும், குறையக் குறைய ஊற்ற வேண்டும். அந்த வார இறுதியில் அது ரோகிணியின் முறை. மற்ற ஊழியர்கள் மதியமே கிளம்பிவிட்டார்கள். மையத்தின் டாக்டர் அமுதவள்ளி ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது புஷ்பவல்லியின் கைப்பேசி ஒலித்தது.

"அம்மா, இங்க தண்ணி ஏறுது. கடை வாசலுக்கு வந்துருச்சு. நான் இப்போ வர முடியாது, நீங்க பயப்படாதீங்க."

"வர முடியாதுன்னா? ரோடு அடைச்சிருச்சா?"

"ரோடு இன்னும் இருக்கு. டேங்க் எல்லாம் கீழ்மாடியில இருக்கும்மா. மேல ஏத்தணும்."

"ஏய், அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துப்பாங்க. நீ கிளம்பி வா!"

"நான் வந்துட்டா இவங்கள யாரும்மா பாத்துப்பாங்க? இங்க வேற யாரும் இல்ல."

தொடர்பு அறுந்துவிட்டது. புஷ்பவல்லி திரும்பத் திரும்ப அழைத்தாள், கிடைக்கவில்லை. சபாபதி துறைமுகத்தில் வேலையில் இருந்தார். அந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் மூழ்கிவிட்டதாகச் சொல்லியிருந்தார். அவள் குடையைக்கூட எடுக்கவில்லை. நேராகப் பக்கத்து வீட்டு விஜயனிடம் போய் நின்றாள். விஜயன் கட்டட வேலைக்கு மணல் ஏற்றுகிற லோரிக்காரர். பெரிய சக்கரம் போட்ட உயரமான லோரி.

"விஜயா, பாப்பா மாட்டிக்கிச்சு. அந்தப் பிள்ளைய இழுத்துட்டு வரணும்."

விஜயன் பாதி குடித்த தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். "ஏறுங்கக்கா."

வழியெல்லாம் புஷ்பவல்லி மகளைத் திட்டிக்கொண்டே போனாள். காதைப் பிடித்துத் திருகி லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன் என்றாள். ஏதோ ஐஸ் டப்பாவுக்காக உயிரை விடுவார்களா என்றாள். ஆனால் ஆற்றுப் பக்கம் நெருங்க நெருங்க அவள் பேச்சு குறைந்துவிட்டது. காடிகள் பாதி முங்கி, விளக்கு எரிந்தபடியே நின்றன. ஒரு குளிர்பெட்டி மல்லாக்க மிதந்து போனது. ஒரு வீட்டு மாடியிலிருந்து யாரோ மலாயில் சத்தம் போட்டு, அந்தச் சந்துக்குள் போகாதீர்கள் என்று கையாட்டினார்கள். விஜயன் வண்டியை வேறு வழியாகத் திருப்பி, நடுச்சாலை மேட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

மையத்தின் முன்னால் இறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மின்சாரம் இல்லை. ரோகிணி சேலை கட்டியிருந்தாளோ சட்டை போட்டிருந்தாளோ என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு நீல ஆய்வக அங்கி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருந்தாள். அவள் முன்னால் வரிசையாக நின்றன அந்தக் கலன்கள். இடுப்பளவு உயரம், உருண்டை வயிறு, குறுகிய கழுத்து, அலுமினியம். மாட்டுப் பாலைக் கொண்டுவருகிற கேன்களைப் பெரிதாக்கி வைத்தது போல இருந்தன. சின்னவற்றையெல்லாம் அவள் ஒருத்தியாகவே மாடிக்கு ஏற்றியிருந்தாள். பெரியவை ஐந்து மீதி இருந்தன.

"கிளம்பு," என்றாள் புஷ்பவல்லி.

"அம்மா, அந்தப் பக்கம் பிடிங்க."

"கிளம்புன்னு சொல்றேன்ல!"

ரோகிணி நிமிர்ந்து பார்த்தாள். "இது மேல போகாம நான் வர மாட்டேன். தண்ணி இடுப்புக்கு வந்தா டேங்க் மிதக்க ஆரம்பிக்கும். மிதந்தா சாயும். சாஞ்சா உள்ள இருக்கிறதெல்லாம் ஊத்திரும், அவ்வளவுதான். அதுல உள்ளவங்க மறுபடியும் வந்து குடுக்க முடியாதுமா. அவங்களுக்கு உடம்புல இனி அது இல்ல. நீங்க பிடிக்கலேன்னா அங்கிள் பிடிக்கட்டும்."

இந்தக் குரலைப் புஷ்பவல்லி தன் வீட்டில் கேட்டதில்லை. கோபம் இல்லை அதில், கெஞ்சலும் இல்லை. கேண்டீனில் மணி அடித்து நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும்போது தனக்கு வருமே, அந்தக் குரல். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கலனின் காதைப் பிடித்தாள்.

"எப்பிடித் தூக்கணும்? சொல்லு."

"நேரா. சாயவே கூடாது. என்ன ஆனாலும் நேரா."

விஜயன் லோரியில் சரக்குக் கட்டுகிற பட்டைகளை எடுத்து வந்தார். ரோகிணி அவற்றைக் கலனின் அடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் தோளில் மாட்டிக்கொள்ளும்படி கட்டினாள். எல்லோருக்கும் தடித்த கையுறை கொடுத்தாள். படிக்கட்டு ஒடுக்கமானது, நடுவில் ஒரு திருப்பம் வேறு. முதல் கலனை மேலே கொண்டுபோய் இறக்கியபோது புஷ்பவல்லிக்கு மூச்சு வாங்கியது. மாடியில் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. சாரல் உள்ளே அடித்து நாற்காலிகள் நனைந்துகொண்டிருந்தன.

"ஜன்னலச் சாத்தேன்டி, எல்லாம் நனையுது."

"வேணாம்மா. இதுலேர்ந்து வர்ற ஆவி அறைக்குள்ள அடைஞ்சா நமக்கு மூச்சு முட்டிரும். நாற்காலி நனைஞ்சா காயும்."

இரண்டாவது கலனைத் தூக்க அவர்கள் கீழே இறங்கியபோது வாசலில் ஒருவன் நின்றான். வாட்டசாட்டமான இளைஞன், முழுக்க நனைந்திருந்தான். இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றியிருந்தான்.

"மிஸ், என்னைத் தெரியுதா? யுகேந்திரன். இங்க பேஷன்ட். ஆறு கரை மீறிருச்சுன்னு வாட்ஸாப்ல பாத்தேன். போன் போட்டேன், யாரும் எடுக்கல. அதான் வந்துட்டேன்."

"எப்பிடி வந்தீங்க?"

"கொஞ்சம் நடந்தேன், கொஞ்சம் நீந்தினேன். என்ன தூக்கணும் சொல்லுங்க மிஸ்."

அவன் தோள் கொடுத்ததும் வேலை வேகம் பிடித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஏறின. மூன்றாவதை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, அவனாகவே புஷ்பவல்லியிடம் பேச ஆரம்பித்தான். அவன் ஃபுட்சால் பந்தாட்டப் பயிற்சியாளன். இருபத்திரண்டு வயதில் அவனுக்கு விரையில் புற்றுநோய் வந்தது.

"அறுவைசிகிச்சை, அப்புறம் மருந்துன்னு சொன்னாங்க ஆன்டி. மருந்துக்கு முன்னாடி இங்க வந்து சேமிச்சு வச்சிருங்கன்னு பெரிய டாக்டர் எழுதிக் குடுத்தாரு. எங்கப்பாதான் கூட்டிட்டு வந்தாரு. ரெண்டு பேரும் கார்பார்க்லயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். உள்ள வர வெட்கம். அவர் முகத்த நான் பாக்கல, என் முகத்த அவரு பாக்கல. உள்ள வந்ததும் மிஸ்தான் பேசினாங்க. 'உங்க பிள்ளைங்களோட இடத்த நாங்க பத்திரமா பிடிச்சு வச்சிருப்போம், நீங்க போயி நல்லாயிட்டு வாங்க'ன்னாங்க. அன்னிக்கு எனக்குச் சாவ பத்தித்தான் எல்லாரும் பேசிட்டிருந்தாங்க. இவங்க மட்டும்தான் என் பிள்ளைங்கள பத்திப் பேசினாங்க."

புஷ்பவல்லி கையுறையைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

கீழே இறங்கும்போது யுகேந்திரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மிஸ், எதுல இருக்கு என்னோடது?"

ரோகிணி பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "சொல்ல மாட்டேன். சொன்னா அதத் தூக்குறப்ப உங்க கை ஒரு மாதிரி இருக்கும், மத்ததத் தூக்குறப்ப வேற மாதிரி இருக்கும்."

அவன் ஒரு நொடி திகைத்து நின்று, பிறகு சிரித்துவிட்டான். "சரி மிஸ். எல்லாம் என்னோடதுதான், தூக்குங்க!"

நான்காவது கலன் ஏறியபோது தண்ணீர் தொடையைத் தாண்டியிருந்தது. ஐந்தாவதற்காக இறங்கியபோது இடுப்புக்கு வந்துவிட்டது. சொன்னபடியே அந்தக் கலன் தரையை விட்டுக் கிளம்பி, மெல்ல ஆடிக்கொண்டு, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது. மற்றவர்கள் படியிலேயே இருந்தார்கள். ரோகிணி ஒரே பாய்ச்சலில் போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தை அதன் கழுத்தோடு வைத்து, கால்களை அகட்டி ஊன்றி, மார்போடு அணைத்தபடி நின்றாள். வாசல் வழியாக அலை அலையாக வந்த தண்ணீர் அவளைத் தள்ளியது. அவள் நகரவில்லை. குளத்தில் தவறி விழுந்த பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கிற தாயின் பிடி அது. தான் பெற்ற பெண் இப்படி நிற்பதைப் பார்த்த புஷ்பவல்லிக்குக் கண் கலங்கியது. பயம்தான் என்று முதலில் நினைத்தாள். பயம் மட்டும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்று பேரும் பாய்ந்து போய்ப் பிடித்தார்கள். பட்டையைத் தண்ணீருக்குள் கையைவிட்டுத் துழாவித்தான் மாட்ட வேண்டியிருந்தது. படியேறும்போது முன்னால் விஜயனும் யுகேந்திரனும், பின்னால் தாயும் மகளும். திருப்பத்தில் விஜயனின் கால் வழுக்கியது. கலன் ஒரு குலுங்கு குலுங்கி, மூடி எகிறித் தொங்கியது. உள்ளேயிருந்து வெண்புகை பொங்கிப் படிகளில் வழிந்தது. விஜயன், "ஐயோ, வெடிக்கப் போவுது!" என்று அலறினார்.

"வெடிக்காது அங்கிள்! விட்டுறாதீங்க. யாரும் கைய எடுக்காதீங்க. முகத்த மேல தூக்கி மூச்சு விடுங்க."

ஒரு சிதறல் புஷ்பவல்லியின் முழங்கைக்கு மேலே, கையுறை மறைக்காத இடத்தில் பட்டது. நெருப்பா பனியா என்று தெரியாத ஒரு சுரீர். எத்தனையோ முறை கொதிக்கிற எண்ணெய் தெறித்த கை அது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், பிடியை விடவில்லை. ரோகிணி ஒரு கையால் மூடியை எடுத்துக் கழுத்தில் வைத்து அழுத்தினாள்.

"இப்போ ஏறலாம். மெதுவா. எல்லாரும் ஒண்ணா."

மேலே சேர்ந்ததும் விஜயன் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். யுகேந்திரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ரோகிணி மட்டும் உட்காரவில்லை. முதலில் தாயின் கையைப் பிடித்துச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள், துணி சுற்றினாள். பிறகு ஒரு நீளமான குச்சியை எடுத்து ஒவ்வொரு கலனாக விட்டு எடுத்துப் பார்த்தாள். குச்சியில் வெள்ளையாகப் பனி பிடித்த இடம்வரை நைட்ரஜன் இருக்கிறது என்று அர்த்தம். கடைசிக் கலனில் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. முதல் வேலையாகவே மாடிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த நிரப்புக் குடுவையிலிருந்து அதற்கு ஊற்றினாள். திரும்பவும் குச்சியை விட்டுப் பார்த்தாள்.

"எல்லாரும் இருக்காங்க," என்றாள்.

எல்லாம் இருக்கிறது என்று சொல்லவில்லை. எல்லாரும் இருக்காங்க என்றாள். சொல்லிவிட்டுத்தான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

புஷ்பவல்லி எழுந்துபோய் அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். ஊழியர்கள் வைத்திருந்த பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்தது. மகளுக்கு முன்னால் கொண்டுவந்து திறந்து வைத்தாள்.

"பசியாறு," என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ரோகிணி அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டே பிஸ்கட்டைக் கடித்தாள்.

மறுநாள் தீயணைப்புப் படையினரான பொம்பாக்காரர்கள் படகில் வந்தார்கள். இன்னோர் ஊழியர் வந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும்வரை ரோகிணி படகில் ஏற மறுத்துவிட்டாள். அதிகாரி, "அம்மா, நீங்களாவது சொல்லுங்க" என்று மலாயில் புஷ்பவல்லியைக் கேட்டார். "அவ வர மாட்டா என்சேக். அவ பொறுப்புல ஆளுங்க இருக்காங்க," என்றாள் புஷ்பவல்லி. சொல்லிவிட்டுத் தானும் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர் வடிந்த பிறகு டாக்டர் அமுதவள்ளி வந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ரோகிணியும் மற்றவர்களும் உட்கார்ந்து, சேமித்து வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அழைத்துச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். ஒரு பெண், தான் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றாள். ஆய்வகத்தை நிரந்தரமாக மாடிக்கே மாற்றிவிட்டார்கள்.

தைப்பொங்கலுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் உறவெல்லாம் கூடியபோது, கையில் என்ன தழும்பு என்று நாத்தனார் கேட்டாள். புஷ்பவல்லி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைச் சாம்பார் வாளியில் போட்டுவிட்டு, தொடக்கத்திலிருந்து சொன்னாள். கருமுட்டை என்றாள், விந்தணு என்றாள், எது எத்தனை வருடம் தாங்கும் என்றாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ரோகிணி இலைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "போதும்மா" என்றாள். "நீ சும்மா இரு, உனக்குச் சொல்லத் தெரியாது," என்று புஷ்பவல்லி தொடர்ந்தாள். நாத்தனாரின் கணவர் அன்று எழுந்து போகவில்லை. கேட்டு முடித்துவிட்டு ரோகிணியின் இலையில் தன் கையால் இன்னொரு வடையை வைத்தார்.

பள்ளிக்கூடத்திலும் கதை பரவியது. ஒருநாள் கேண்டீன் மூடும் நேரத்தில் லோகேஸ்வரி டீச்சர் வந்து உட்கார்ந்தாள். வயது முப்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. சினைப்பையில் கட்டி என்றும், அறுவைசிகிச்சை செய்தால் கருமுட்டைகள் குறையக்கூடும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"வீட்டுல சொல்லவே பயமா இருக்குக்கா. கல்யாணம் ஆகாத பொண்ணு இதுக்குன்னு போனா என்ன நினைப்பாங்க?"

புஷ்பவல்லி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "யாரு என்ன நினைச்சா என்ன டீச்சர்? பல்லு வலிச்சா போறோம்ல? நாளைக்கே போவோம். நான் வரேன்."

சொன்னபடி கூடவே போனாள். ஊசி போட்டுக்கொண்ட நாட்களில் டீச்சருக்குத் தனியாகச் சமைத்துக் கொடுத்தாள். கருமுட்டை எடுத்த அன்று கண்விழிக்கும்வரை வெளியே காத்திருந்தாள். ரோகிணி வந்து, "நல்லா வந்திருக்கு டீச்சர், பத்திரமா வச்சாச்சு" என்றபோது லோகேஸ்வரி புஷ்பவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு மாதம் கழித்து அறுவைசிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. அவளுக்குப் பிறகு டீச்சரின் தோழி ஒருத்தி வந்தாள். கேண்டீனில் மூலை மேசைக்கு அப்படி அவ்வப்போது யாராவது வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது.

யுகேந்திரனும் கார்த்திகா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். சிகிச்சைக்கு வந்தார்கள். முதல் முறை கரு நிற்கவில்லை. இரண்டாவது முறை நின்றது. இதெல்லாம் ரோகிணி வாயிலிருந்து வரவில்லை. அவள் யாரைப் பற்றியும் வீட்டில் மூச்சுவிட மாட்டாள். யுகேந்திரனே புஷ்பவல்லிக்கு அழைத்து, "ஆன்டி, வளைகாப்புக்கு நீங்கதான் சாப்பாடு. மிஸ்ஸையும் கூட்டிட்டு வரணும், தப்பிக்க விடாதீங்க" என்றான்.

வளைகாப்பு அவர்களுடைய தாமான் குடியிருப்பில், வீட்டு முன்னால் கூடாரம் போட்டு நடந்தது. எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், புளிச் சாதம் என்று புஷ்பவல்லி வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ரோகிணி கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். கார்த்திகாவின் கையில் முதல் வளையல் யார் போடுவது என்று பேச்சு எழுந்தபோது, யுகேந்திரனின் அம்மா கூட்டத்தைத் தாண்டிப் பின்வரிசையைப் பார்த்து, "ரோகிணி, வாம்மா" என்று கூப்பிட்டார்.

பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா மெல்ல, "அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலியே" என்றார். ரோகிணியும் எழுந்திருக்கத் தயங்கினாள். அவளுக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. தான் யார் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியுமோ என்னவோ, நோயாளியின் விஷயம் தன்னால் வெளியே வரக் கூடாது.

யுகேந்திரன் எழுந்து நின்றான். "எல்லாரும் கேளுங்க. எனக்குக் கேன்சர் வந்தது உங்களுக்குத் தெரியும். மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி நான் சேமிச்சு வச்சதுலதான் இந்தப் பிள்ளை. கிள்ளான்ல வெள்ளம் வந்தப்ப இடுப்பளவு தண்ணில நின்னு அதக் காப்பாத்தினவங்க இவங்க. நான் பக்கத்துலேர்ந்து பாத்தேன். என் பிள்ளைய முதல்ல தூக்கினது இவங்கதான். அப்போ முதல் வளையலும் இவங்கதான் போடணும்லா?"

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கார்த்திகா தன் கையை நீட்டியபடி காத்திருந்தாள். அந்தப் பெரியம்மாவே வளையல் தட்டை எடுத்து நீட்டினார்.

ரோகிணி எழுந்து நடந்து போனாள். பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து, கார்த்திகாவின் விரல்களைக் குவித்துப் பிடித்து, வலிக்காமல் மெல்ல ஏற்றினாள். அவ்வளவு நிதானமான கை.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் புஷ்பவல்லி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் தட்டோடு நின்ற ஒரு பெண், "யாரு ஆன்டி அது, டாக்டரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, எம்ப்ரியாலஜிஸ்ட்," என்றாள் புஷ்பவல்லி. அந்த நீண்ட சொல்லைத் தடங்கல் இல்லாமல் முழுசாகச் சொன்னாள். "அவ என் மக. கொஞ்சம் இரு, புளிச் சாதம் வைக்கிறேன், சாப்பிட்டுக்கிட்டே கேளு."